‘உண்மையல்ல’ மட்டும் வந்து சேரவில்லை

நான் ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறேன் என்று சொன்னால் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் தெருவில் எல்லாரும் புத்தகங்களைத்தான் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஒரு முறை பழைய வார இதழ்களை இரண்டு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து, “உங்க நூலகத்துக்கு வெச்சுக்குங்கம்மா” என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்த இதழ்களைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்தேன். இரண்டு வருடம் வந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி கணினி நிரல்களின் தொகுப்பு. ஒரு கணினியில் இருக்கும் விவரங்களை, பெயர், முகவரி, தேதி, செய்தி என்று எதுவானாலும் வரிசையாகக் கட்டி அனுப்புவதும், மறுமுனையில் இருக்கும் கணினி அதே வரிசையில் அவிழ்த்து எடுப்பதும்தான் அதன் வேலை. கட்டுகிற நிரல் ஒரு கணினி மொழியில் எழுதப்பட்டிருக்கும், அவிழ்க்கிற நிரல் வேறொரு மொழியில் இருக்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு ஒழுங்கு வேண்டும் இல்லையா? அந்த ஒழுங்கு ஆறு கணினி மொழிகளில் எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இருந்தது. உலகம் முழுவதும் யார் யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் எனக்கு எழுதுவார்கள்.

இதை நான் உருவாக்கவில்லை. பனி கொட்டும் ஒரு நாட்டில் இருந்தவர் உருவாக்கினார். அப்போது நான் இங்கே பக்கத்தில் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். அங்கே அந்த லைப்ரரியைப் பயன்படுத்தினோம். தேதிகளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து அவருக்கு எழுதினேன். நன்றி சொன்னார். இன்னொன்றைக் கண்டுபிடித்து, இந்த முறை திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினேன். ரொம்ப நன்றி சொன்னார். மூன்றாவது திருத்தத்தை அனுப்பியபோது, தமக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருப்பதாகவும், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதி, மொத்தத்தையும் என் பெயருக்கு மாற்றிவிட்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. குழந்தைகள் இப்போது பள்ளி முடித்திருக்கும்.

தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கியிருந்தேன். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் அந்த நேரத்தில்தான் எழுந்து வருவார். சம்பளம் இல்லாத வேலைக்கு லீவாவது உண்டா என்று கேட்பார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். விசில் வந்தால் அவர்தான் அடுப்பை அணைப்பார்.

ஆறு மொழிகளில் ஐந்து எனக்குத் தெரியும். ஆறாவது, கைப்பேசிச் செயலிகள் எழுதுவதற்கென்று புதிதாக வந்த மொழி. அதில் எழுதிப் பார்க்க வேறு வகைக் கணினி வேண்டும். என்னிடம் அது இல்லை. எங்கோ ஒரு கல்லூரி மாணவர் ஆர்வமாக அந்தப் பகுதியை எழுதி அனுப்பியிருந்தார். கூடவே எல்லாச் சோதனைகளும் சரியாக வருகின்றன என்று பச்சை நிறத்தில் ஒரு பட்டியல். நான் சேர்த்துக்கொண்டேன். மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்.

அந்தச் சோதனைகளை எழுதியது நான்தான். ஒரு சொல்லைக் கட்டி அனுப்பு, அவிழ்த்துப் பார், அதே சொல் வருகிறதா என்று பார். அவ்வளவுதான் சோதனை. நான் வைத்திருந்த சொற்கள் ‘ஹலோ’, மலாயில் காலை வணக்கமான ‘செலாமாட் பாகி’, தேங்காய்ப்பால் சோறான ‘நாசி லெமாக்’. மூன்றும் ரோமன் எழுத்தில். பசியோடு எழுதியிருப்பேன் போலிருக்கிறது. தமிழில் ஒரு சொல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளியில் தமிழில் பரிசெல்லாம் வாங்கியவள் நான்.

ஒரு வருடம் ஜூன் மாதம் போல, தாய்லாந்தின் தெற்கிலிருந்து ஒருவர் எனக்கு எழுதினார். கட்டில், மேசை போன்ற தளவாடப் பொருள்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்கு அவர் ஒரு செயலி எழுதியிருந்தார். அவருடைய ஆங்கிலம் சுருக்கமானது. “உங்கள் லைப்ரரி என் வாடிக்கையாளர்களின் தெருவைச் சாப்பிடுகிறது” என்று எழுதியிருந்தார். முகவரியின் கடைசிப் பகுதி காணாமல் போகிறதாம். கட்டில் ஒன்று, வாங்கியவர் வீட்டுக்குப் பதில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டதாம்.

அவர் அனுப்பிய தாய்லாந்து எழுத்துகளை எனக்குத் தெரிந்த ஐந்து மொழிகளிலும் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆறாவதில் பார்க்க வழியில்லை. “என் கணினியில் சரியாகவே வருகிறது” என்று மரியாதையாக எழுதி, புகாரை மூடினேன். அவர் மறுபடி எழுதவில்லை. நல்லவேளை, ஒரு புகார் குறைந்தது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் வந்தது. சுதந்திர மாதம் என்பதால் மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் கொடிகள் பறந்தன. அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார். சுதந்திர நாளான மெர்டேக்காவை முன்னிட்டு எங்கள் குடியிருப்பாளர் சங்கம், கொடி வரைந்த புது ஹெல்மெட்டுகளை இலவசமாகக் கொடுக்கப்போகிறது என்று. சங்கத்திடம் இருந்ததெல்லாம் ஒரு மண்டபம், அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. ஆனால் பேச்சு மலாக்கா டவுன் வரை பரவிவிட்டது.

தலைவர் கவலைப்பட்டார். உடனே மறுப்புச் செய்தி அனுப்ப வேண்டும் என்று முடிவானது. சங்கத்துக்கு ஒரு அறிவிப்புச் செயலி இருந்தது. ஆயர் குரோவில் ஒரு சின்ன நிறுவனம் செய்து கொடுத்தது. உறுப்பினர்கள் அதில் மலாய், ஆங்கிலம், தமிழ் இவற்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூன்று மொழியிலும் செய்தியை ஏற்றி அனுப்பும் பொறுப்பு செயலாளருடையது.

செயலாளர் எங்கள் தெருமுனையில் இருக்கும் அம்மா. மலாக்காச் செட்டி. கோயில், விளக்கு, பொங்கல் எல்லாம் எங்களைப் போலத்தான், ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். தமிழ் படிக்கத் தெரியாது. தலைவர் தமிழில் எழுதி அனுப்புவதை அவர் அப்படியே எடுத்து ஒட்டுவார். ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டார். ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘அடிக்’ என்பார், மலாயில் தங்கை.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று மொழியிலும் மறுப்பு போனது.

சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தோம். கணவர் வழக்கத்தைவிட வேகமாக ரொட்டியை விழுங்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய ஹெல்மெட். கண்ணாடி உடைந்து, உள்ளே பஞ்சு தொங்கியது. நல்ல ஹெல்மெட் முன்னறையில் ஆணியில் மாட்டியிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். நல்லதைப் போட்டுக்கொண்டு போனால், இவனுக்குத்தான் இருக்கிறதே என்று கொடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்றார்.

“அது பொய்யின்னு நேத்தே மெசேஜ் வந்துருச்சுங்க” என்றேன்.

“குடுக்கறாங்கன்னுதான் வந்திருக்கு. நீயே பாரேன்லா.”

அவருடைய கைப்பேசியை நீட்டினார். அதில் தமிழில் இப்படி இருந்தது: ‘சனிக்கிழமை காலை மண்டபத்தில் அனைவருக்கும் இலவச ஹெல்மெட் வழங்கப்படும்’.

என் கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். நான் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில், அப்படிப் பரவுகிற செய்தி உண்மையல்ல என்று தெளிவாக இருந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால்தான் ஆங்கிலத்தில் மறைத்திருக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மண்டபத்துக்கு முன்னால் இடமே இல்லை. மோட்டார்கள் சாலையின் இரண்டு பக்கமும் வளைவு வரை நின்றன. வந்திருந்த எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். தலையில் இருந்தவற்றைப் பார்க்க வேண்டுமே. வார் அறுந்தது, கயிற்றால் கட்டியது, பெயின்ட் கறை படிந்தது, ஒருவருடையதில் கோழி முட்டையிட்ட அடையாளம்கூட இருந்தது. மலாக்காவின் மோசமான ஹெல்மெட்டுகள் எல்லாம் அன்று காலை ஒரே இடத்தில் கூடியிருந்தன. மலாய், சீன, செட்டி அக்கம்பக்கத்தார் தங்கள் வாசல்களில் நின்று, இவர்களெல்லாம் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மறுப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

தலைவர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி, ஒலிபெருக்கியில், ஹெல்மெட் கிடையாது, அது வதந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அவர் சொன்னபோதும் ஐம்பது கைப்பேசிகள் அவரை நோக்கி உயர்ந்தன. செய்தியின் மேலே சங்கத்தின் முத்திரையும் தலைவர் என்ற முறையில் அவர் பெயரும் இருந்தன. அவர் தம் கைப்பேசியைப் பார்த்தார். அவருடையதிலும் அப்படித்தான் வந்திருந்தது. தாமே எழுதியதால் வந்ததைத் திறந்து படிக்கவில்லையாம்.

கூட்டத்தில் ஒருவர் வெறுந்தலையோடு நின்றார். கையில் ஒரு தாளை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். புதியது கிடைக்கப்போகிறதே என்று பத்து பெரெண்டாம் பக்கத்திலிருந்து ஹெல்மெட் இல்லாமலேயே வந்திருக்கிறார். வழியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார். இவர் செய்தியைக் காட்டி, ஹெல்மெட் வாங்கத்தான் போகிறேன் ஐயா என்று விளக்கியிருக்கிறார். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் வாங்கிக்கொண்டு வந்து காட்டு என்று அபராதச் சம்மனையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். இவருக்கு இப்போது ஹெல்மெட்டைவிட, திரும்பிப் போகும் வழிதான் கவலையாக இருந்தது.

செயலாளர் அக்கா ஒரு ஓரமாகக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ ஒரு ஆள் உரக்கச் சொன்னார்: “தமிழ் தெரியாதவங்களச் செயலாளரா போட்டா இப்படித்தான். பாதிய அனுப்பிட்டாங்க.”

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அக்காவுக்குச் சொற்கள் புரியவில்லை. ஆனால் எல்லாரும் தன்னைப் பார்ப்பது புரிந்துவிட்டது. அந்த ஆள் என்ன சொன்னான் என்று என்னிடம் மலாயில் கேட்டார். வெயில் அதிகம் என்கிறார் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். தான் அனுப்பியது அதில் அப்படியே இருக்கிறது, படித்துப் பார் என்றார்.

படித்தேன். ‘சனிக்கிழமை காலை மண்டபத்தில் அனைவருக்கும் இலவச ஹெல்மெட் வழங்கப்படும் என்று பரவி வரும் செய்தி உண்மையல்ல.’ முற்றுப்புள்ளி உட்பட எல்லாம் இருந்தது. அக்கா முழுதாகத்தான் அனுப்பியிருந்தார். போகிற வழியில் வால் அறுந்திருக்கிறது.

வால் அறுவது என்று நினைத்ததும் எனக்குத் தாய்லாந்துக்காரரின் தெருக்கள் நினைவுக்கு வந்தன. அந்தச் செயலியில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருக்கும். யாரும் திறப்பதில்லை. செயலி செய்தவர்கள் எந்தெந்த இலவச நிரல்களைப் பயன்படுத்தினார்கள் என்று அதன் அடியில் பொடி எழுத்தில் பட்டியல் போட்டிருப்பார்கள். திறந்தேன். ஏழாவது வரியில் என் லைப்ரரியின் பெயர் இருந்தது.

எத்தனையோ வருடமாக, நான் செய்கிற வேலை எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியாமல் இருந்தேன். என் சொந்த ஊரில், என் தெருவில், என் கணவரின் சட்டைப்பையில் அது இருந்திருக்கிறது. வேறொரு நாளில் தெரிந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்கா கைப்பையை இன்னும் அணைத்துக்கொண்டு நின்றார். தலைவரிடம் போய் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன். நாற்காலியில் ஏறவில்லை, அந்த அளவுக்குத் துணிவில்லை.

“செயலாளர் மேல தப்பு இல்ல. அவங்க முழுசாத்தான் அனுப்பியிருக்காங்க. நான் ஒரு லைப்ரரி பாத்துக்கறேன். அதுல ஒரு பிழை. அதுதான் கடைசி வார்த்தைகள வெட்டிருச்சு. மன்னிச்சுக்குங்க.”

முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, மிகவும் தன்மையாக, “அப்ப லைப்ரரியிலதான் ஹெல்மெட் குடுக்கறீங்களாம்மா?” என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், லைப்ரரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்றார். கூட்டம் தலைவரை விட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்தது. என் கணவர் எனக்கு உதவியாக வந்து நிற்பார் என்று பார்த்தேன். அவர் உடைந்த ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, என்னை யாரென்றே தெரியாதவர் போல ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பாற்றியது அக்காதான். கமிட்டிக் கூட்டத்துக்கென்று வைத்திருந்த கறிபாப் பலகாரத் தட்டுகளையும் சிவப்புச் சிராப்புச் சர்பத்தையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். மலாயில் இரண்டே வாக்கியம் பேசினார்: ஹெல்மெட் இல்லை, கறிபாப் இருக்கிறது. இதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அரை மணியில் சாலை காலியானது. வெறுந்தலை ஆசாமி மட்டும் கடைசிவரை நின்றார். அக்கா வீட்டுக்குப் போய்த் தன் பழைய ஹெல்மெட்டை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தார். இளஞ்சிவப்பு, மேலே பூ போட்டது. அதை மாட்டிக்கொண்டு அவர் போலீஸ்காரரிடம் காட்டுவதற்காகக் கிளம்பினார். சங்கம் அன்று வழங்கிய ஹெல்மெட் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆயர் குரோவில் அந்த நிறுவனத்தைத் தேடிப் போனேன். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. உள்ளே ஒரு தமிழ் இளைஞர் மட்டும் இருந்தார். தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வந்தவள் என்று நினைத்து, வேண்டாம் அக்கா என்று எழுந்திருக்காமலேயே சொன்னார். நான் லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அதைப் பராமரிப்பது நான்தான் என்றேன். அவர் எழுந்து நின்றார். முகம் ஒரு மாதிரி வெளுத்தது.

“நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

காஜா பெராங்கில் இருக்கிறேன் என்றேன். அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஏன் அவ்வளவு பதறினார் என்பது கணினித் திரையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. போன வருடம் ஒரு திருத்தம் தாமதமானபோது, ‘இதைப் பராமரிப்பவர் உயிரோடுதான் இருக்கிறாரா’ என்று எனக்கு ஒருவர் புனைபெயரில் எழுதியிருந்தார். அந்தப் புனைபெயர் இவருடைய திரையின் மூலையில் இருந்தது. நான் கவனித்ததை அவரும் கவனித்தார். கீழே போய் எனக்கு ஐஸ் போட்ட தேநீர் வாங்கி வந்தார். பெரிய கப்.

அவரிடம் அந்த ஆறாவது மொழிக்கான கணினி இருந்தது. தலைவரின் வாக்கியத்தை அந்த மொழியில் கட்டி வேறொரு மொழியில் அவிழ்த்தோம். முதல் முயற்சியிலேயே ‘வழங்கப்படும்’ என்பதோடு நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கம்.

ஒரு செய்தியைக் கட்டும்போது, முதலில் அது எத்தனை எழுத்து என்று எண்ணிக் குறித்துவிட்டு, பிறகு செய்தியை வைப்போம். அவிழ்க்கிறவர் அத்தனை எழுத்தை எண்ணி எடுத்துக்கொள்வார். பிரச்சினை, எழுத்து என்றால் என்ன என்பதில் இருந்தது. ‘கி’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குள்ளே அது ‘க’ ஒரு துண்டு, மேலே விழும் கொக்கி ஒரு துண்டு. ‘ம்’ என்றால் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. மற்ற ஐந்து மொழிகளும் துண்டுகளை எண்ணின. ஆறாவது மொழி மட்டும், மனிதர் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்துகளை எண்ணியது. அதன் கணக்கில் தலைவரின் வாக்கியம், இடைவெளிகளையும் சேர்த்து அறுபத்தெட்டு. உள்ளே இருந்ததோ நூற்றிரண்டு துண்டு. மறுமுனை அறுபத்தெட்டு துண்டை எண்ணி எடுத்துக்கொண்டு போதும் என்று நிறுத்திவிட்டது. செய்தி கட்டின் கடைசியில் இருந்ததால், மிச்சம் கிடந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அறுபத்தெட்டாவது துண்டு, ‘வழங்கப்படும்’ என்ற சொல்லை அடுத்த இடைவெளி. ஒரு துண்டு கூடக்குறைய இல்லாமல் அங்கே போய் வெட்டியிருக்கிறது. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஓர் எழுத்து ஒரு துண்டு. அதனால் அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. தாய்லாந்து எழுத்துக்கும் மேலும் கீழும் குறிகள் உண்டு. அதனால் அந்த மனிதரின் தெருக்கள் போயின.

திருத்தம் ஒரே வரி. ஆனால் ஒரு வரியைத் திருத்துவது இந்த வேலையில் சின்ன பகுதி. இரண்டு முனையிலும் அந்த ஆறாவது மொழியையே வைத்திருந்தவர்களுக்கு இதுவரை எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. கட்டுகிறவரும் தப்பு, அவிழ்க்கிறவரும் அதே தப்பு. இப்போது சரிசெய்தால் அவர்கள் சேமித்து வைத்த பழைய கட்டுகளை அவிழ்க்க முடியாது. நான் திருத்தத்தை அறிவித்ததும் ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதினார். பிழையாக இருந்தாலும் அது தங்களுக்குப் பழகிய பிழை என்பது சாரம். அவருக்காகப் பழைய கட்டுகளை மட்டும் அடையாளம் கண்டு அவிழ்க்க ஒரு வழி செய்து கொடுத்தேன். அதற்கு ஒன்பது காலை நேரம் ஆனது. அந்த ஒன்பது நாளும் சோறு குழைந்தே இருந்தது.

தாய்லாந்துக்காரரின் புகாரை மறுபடி திறந்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என் தாய்மொழியிலும் இது நடக்கும், நான் பார்த்திருக்க வேண்டும் என்றேன். அவர் இரண்டு வரியில் பதில் போட்டார். கட்டில் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துப்போய் வாங்கிக்கொண்டார்களாம். கவலைப்பட வேண்டாம் என்றார்.

லைப்ரரி திருந்தியும், திருந்திய செயலி எல்லார் கைப்பேசிக்கும் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்று ஆயர் குரோ தம்பி சொன்னார். அதுவரை சங்கம் தமிழில் செய்தியே அனுப்பக்கூடாதா என்று தலைவர் கேட்டார். ஒரு தற்காலிக வழி சொன்னேன். வாக்கியத்தில் எத்தனை புள்ளி, கால், கொம்பு, கொக்கி இருக்கிறதோ எண்ணி, கடைசியில் அத்தனை முற்றுப்புள்ளி சேர்த்துவிடுங்கள். கணக்கு சரியாகிவிடும், அந்த முற்றுப்புள்ளிகள் மட்டும் வெட்டுப்படும், செய்தி தப்பிக்கும்.

தலைவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. சிவப்புப் பென்சிலும் கோடு போட்ட நோட்டுமாக உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட் வாக்கியத்தையே பயிற்சிக்கு எடுத்து எண்ணி, முப்பத்து நாலு என்று எனக்குப் போன் செய்தார். சரி என்றேன். அடுத்த நாள் வேறொரு செய்தியோடு வாசலுக்கே வந்தார். அதில் ‘கொசு’ என்று ஒரு சொல் இருந்தது.

“‘கொ’வுக்கு முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு கால். ரெண்டுதானே?”

உள்ளே அது ஒரே துண்டு சார் என்றேன். அவர் நோட்டில் எழுதிக் காட்டினார். கண்ணால் பார்க்கும்போது இரண்டு இருக்கிறதே என்றார். கண்ணால் பார்ப்பதை நம்பித்தான் இந்தத் தொல்லை வந்தது என்றேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவரிடம் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தச் செய்தி ஒரே ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக வால் முளைத்து வந்தது. யாரும் கவனிக்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன்.

அக்காவிடம் இது எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தான் ஒட்டிய செய்தி அப்படியே போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதற்காகத் தன் இரண்டாவது கைப்பேசியில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து, உருவம் உருவமாக ஒப்பிடுவார். அந்தக் கூட்டத்தில் கத்திய ஆள் பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன மொழியில் கேட்டார் என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புதிய செயலி வந்தது. இனி முற்றுப்புள்ளிகள் வேண்டாம் என்று தலைவரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுநாள் முதல் செய்தி வந்தது. கொசுவுக்குப் புகையடிக்க வருகிறார்கள், கதவு சன்னல்களை திறந்து வையுங்கள், உணவை மூடி வையுங்கள், நாய்களைக் கட்டிப்போடுங்கள் என்று நீளமான செய்தி. கடைசி எழுத்து வரை வந்திருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். கணவரின் கைப்பேசியிலும் வாங்கிப் பார்த்தேன்.

பத்து நிமிடத்தில் தலைவர் போன் செய்தார். குரலில் பழைய பள்ளிக்கூடக் கண்டிப்பு இருந்தது.

“பிழை இன்னும் சரியாகலம்மா. ‘சன்னல்களைத் திறந்து’ன்னு ‘த்’ போட்டுத்தான் எழுதினேன். உங்க லைப்ரரி அந்த ஒற்றெழுத்தத் தின்னுருச்சு.”

அக்காவைக் கூப்பிட்டு, தலைவர் எழுதி அனுப்பியதை எனக்கு அப்படியே அனுப்பச் சொன்னேன். வந்தது. தலைவர் எழுதிய மூலத்திலேயே அந்த ‘த்’ இல்லை.

தலைவருக்குப் போன் செய்தேன். “பாக்கறேன் சார்” என்றேன்.